வேலைத்தள மருத்துவப் பரிசோதனை: இரு தரப்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவருடைய இரத்தத்தில் சீனி எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஓர் ஊசி போதும். அவர் பார்க்கும் வேலை அவருடைய உடம்பை என்ன செய்கிறது என்று அறிய வேண்டுமானால், அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். கொழும்பில் நடக்கும் ஊழியர் மருத்துவப் பரிசோதனைகளில் பல, முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகின்றன. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மறதியிலிருந்து பிறப்பவைதாம்.

வழக்கமாக நடப்பது இது. மனிதவளப் பிரிவு ஒரு தனியார் ஆய்வுகூடத்திடம் விலை கேட்கும். சீனி, கொலஸ்ட்ரோல், சிறுநீர், ஈசீஜீ, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் சேர்ந்த ஒரு பொதி, தலைக்கு இவ்வளவு என்று வரும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கும் அந்தப் பொதிதான், களஞ்சியத்தில் மூட்டை தூக்குபவருக்கும் அந்தப் பொதிதான். அச்சகத்தில் நாள் முழுவதும் கரைப்பான் நெடியில் நிற்பவருக்கும் வேறு எதுவும் இல்லை. மூட்டை தூக்குபவரின் இடுப்பைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ‘பரிசோதனை முடிந்தது’ என்று கோப்பில் பதிவாகிவிடும்.

செட்டியார் தெருப் பக்கம் ஒரு நகைப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த பற்றாசு பாவிக்கும் பட்டறை என்றால், அதன் புகை காலப்போக்கில் சிறுநீரகத்தைத் தாக்கும். பொதியில் உள்ள சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை அந்தப் பாதிப்பின் தொடக்கத்தைப் பிடிக்காமல் விட்டுவிடக்கூடும். அதற்குத் தனியான பரிசோதனைகள் இருக்கின்றன. பழைய பற்றரிகளை உடைத்துத் திருத்தும் இடத்தில் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும். கொங்கிரீட்டை வெட்டுபவருக்கும் துளைப்பவருக்கும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை வேண்டும், செவிப் பரிசோதனையும் வேண்டும். இவற்றில் எதுவும் எழுதுவினைஞருக்குத் தேவையில்லை. அவருக்கு வேண்டியது கண் பரிசோதனையும், அவருடைய கதிரையும் மேசையும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்க்கும் ஒருவரும்.

ஆகவே விலை கேட்பதற்கு முன் வேலைத்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவருவதுதான் முதல் வேலை. எந்த மேசையில் என்ன இரசாயனம், எந்த இயந்திரத்தருகே எவ்வளவு சத்தம், யார் எத்தனை மணித்தியாலம் நிற்கிறார், யார் இரவு முறையில் வருகிறார் என்று எழுதி, அந்தப் பட்டியலை வைத்தியரிடம் கொடுக்க வேண்டும். இதில் வழிகாட்ட அரசின் அமைப்புகளும் உண்டு. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகமும் இருக்கிறது. பரிசோதனை எவ்வளவு நல்லதானாலும், தூசியைக் குறைக்கும் வேலையை அது செய்யாது. செவிப் பரிசோதனையை ஆண்டுதோறும் தவறாமல் நடத்திக்கொண்டு, அலறும் இயந்திரத்தை அப்படியே விட்டுவைக்கும் தொழில்தருநர், தன் ஊழியர் செவிடாவதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அளக்கும்போது நேரும் பிழைகள்

இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவை சிறியவை, செலவில்லாமல் திருத்தக்கூடியவை, ஆனால் ஒருவரைத் தேவையில்லாமல் நோயாளியாக்கிவிடும்.

பிரஷர் பார்க்கும் காட்சியை நினைத்துப்பாருங்கள். கூட்ட அறையில் வரிசை. மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியேறி வந்தவர், மூச்சு அடங்குமுன் கதிரையில் அமர்கிறார். கை மேசையில் இல்லை, பக்கத்தில் தொங்குகிறது. பட்டியைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றுகிறார்கள். தாதி பெயரையும் பிரிவையும் கேட்க, அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கருவி அளந்து முடித்துவிடுகிறது. பருத்த கைக்கும் மெலிந்த கைக்கும் ஒரே பட்டி. இவற்றில் ஒவ்வொன்றும் அளவைக் கூட்டிக் காட்டக்கூடியது. தொங்கும் கை கூட்டும், பேச்சு கூட்டும், சிறிய பட்டி கூட்டும். எல்லாம் சேர்ந்தால் உண்மையில் பிரஷர் இல்லாதவருக்கும் 140க்கு 90ஐத் தாண்டிய ஓர் எண் வந்துவிடும். ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க ஓர் அமைதியான மூலை, முதுகுக்கும் கைக்கும் தாங்கல், அளவான பட்டி, இரண்டு தடவை அளத்தல் ஆகியவை இருந்தால் போதும். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் கோப்பியும் சிகரெட்டும் கூடாது. ஒரு நாள் எண்ணை வைத்து யாருக்கும் முத்திரை குத்தவும் கூடாது. எண் கூடுதலாக இருந்தால் வேறொரு நாள் மறுபடியும் அளக்க வேண்டும்.

செவிப் பரிசோதனையிலும் இதே அலட்சியம்தான். சத்தத்தில் வேலை செய்து முடித்தவரை நேராக அழைத்துவந்து சோதித்தால், காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும் நிலையையே பதிவு செய்வீர்கள். குறைந்தது 14 மணித்தியாலம் பெரிய சத்தம் படாத காதுதான் உண்மையைச் சொல்லும். திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குமுன் செய்வது நல்லது. ஜெனரேற்றர் ஓடும் சுவருக்கு அடுத்த அறையில் செய்தால் முடிவே செல்லாது. சத்தத்தால் வரும் இழப்பு முதலில் 4000 ஹேர்ட்ஸ் அளவில்தான் தெரியும். பேச்சு அப்போதும் நன்றாகவே கேட்கும். அதனால் ‘சராசரி சரி’ என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்த வரைபடத்தையே கேட்டு வாங்குங்கள். இப்படிப் போன செவிப்புலன் திரும்பி வராது.

இரத்தச் சீனிக்கு வருவோம். எட்டு மணித்தியாலம் வெறும் வயிறு என்று சொன்னால் பலர் சோற்றையும் பாணையும் மட்டுமே நினைக்கிறார்கள். காலையில் பஸ் ஏறுமுன் குடித்த பிளேன்டீ கணக்கில் வருவதில்லை. சீனி போட்ட ஒரு பிளேன்டீ அந்தப் பரிசோதனையையே கெடுத்துவிடும். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இதை அறிவித்தலில் ‘தேநீரும் கூடாது’ என்று தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதிப்போடுங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. இன்சுலின் போடும் ஒருவரைப் பத்து மணி வரைக்கும் பட்டினியாக வரிசையில் நிறுத்துவது ஆபத்து, அவரை முதலில் அனுப்ப வேண்டும். இரவு முறை முடித்து வருபவருக்கு வெறும் வயிற்றுக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்றும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதால், முறை வேலை நடக்கும் இடங்களுக்கு அது வசதியானது.

எல்லாருக்கும் ஆண்டுதோறும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதை நான் ஏற்கவில்லை. தூசியில் வேலை செய்பவருக்கு அதற்குக் காரணம் உண்டு. காசாளருக்கு என்ன காரணம்? கருவுற்றிருக்கக்கூடிய பெண்கள் அதை முன்பே சொல்வதற்கு, மற்றவர் காதில் விழாத ஓர் இடமும் வேண்டும்.

சாப்பாட்டுக் கடைகளில் வேறொரு மயக்கம் இருக்கிறது. சமையலறை ஊழியரின் மருத்துவச் சான்றிதழ் அந்த நாளின் நிலையை மட்டுமே சொல்கிறது. அடுத்த வாரம் அவருக்கு வயிற்றோட்டம் வந்தால் சான்றிதழ் சுவரில் தொங்குவதால் பயனில்லை. வயிற்றோட்டம் நின்று 48 மணித்தியாலம் கழியும் வரை உணவைத் தொடக்கூடாது என்ற நடைமுறையே வாடிக்கையாளரைக் காக்கும். ஆனால் நாட்கூலி போய்விடும் என்று தெரிந்தால் எந்த ஊழியரும் வாய் திறக்கமாட்டார். அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுக்கும் முதலாளிக்குத்தான் உண்மை தெரியவரும்.

யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது

“இதில் ஒரு கையெழுத்து வையுங்கள் அண்ணா, சும்மா ஒரு போர்ம்தான்” என்று நீட்டப்படும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்திடுபவர் தமிழ் மட்டுமே வாசிப்பவராக இருக்கலாம். அந்தத் தாளில் ‘என் முடிவுகள் அனைத்தையும் நிறுவனத்துக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி இருந்தால், அதை அவர் அறியாமலே தன் உடம்பின் கணக்கை முழுவதும் ஒப்படைத்துவிடுகிறார். வாசிக்க முடியாத தாளில் பெற்ற சம்மதத்தை நான் சம்மதமாகவே எண்ணமாட்டேன். தமிழிலும் சிங்களத்திலும் படிவம் அச்சிடுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

தொழில்தருநருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இவர் இந்த வேலைக்குத் தகுதியானவரா, சில கட்டுப்பாடுகளோடு தகுதியானவரா, இப்போதைக்குத் தகுதியில்லையா? ‘உயரத்தில் வேலை வேண்டாம்’ என்று வைத்தியர் எழுதினால் போதும். அது வலிப்பாலா, தலைசுற்றலாலா என்பது வைத்தியருக்கும் ஊழியருக்கும் இடையில் இருக்க வேண்டும். முடிவுகளை எக்செல் தாளில் போட்டு மின்னஞ்சலில் சுற்றவிடுவதும், ‘யார் யாருக்குச் சீனி’ என்று வட்ஸ்அப் குழுவில் போடுவதும் மன்னிக்க முடியாதவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைச் சிறப்புக் கவனம் வேண்டிய தரவு வகைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

எச்ஐவி பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக்கக்கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பின் 2010ஆம் ஆண்டின் 200ஆம் இலக்கப் பரிந்துரை கூறுகிறது. கர்ப்பப் பரிசோதனையை ஆள் சேர்ப்பில் நுழைப்பதும் தவறு. கர்ப்பத்தைக் காரணமாக வைத்து ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதை 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை அந்தந்த நாட்டு விதிகளின்படி நடப்பது. அதைப் பார்த்து உள்ளூர் நிறுவனங்கள் பொதி தயாரிக்கக்கூடாது.

சர்வதேச தொழில் அமைப்பின் 1985ஆம் ஆண்டின் 161ஆம் இலக்கச் சமவாயத்தில் இரண்டு விடயங்கள் உண்டு. ஊழியரின் உடல்நலக் கண்காணிப்பு இலவசமாகவும், சம்பளம் குறையாமலும், இயன்றவரை வேலை நேரத்திலும் நடக்க வேண்டும். ஊழியர் லீவு எடுத்த காரணம் உண்மைதானா என்று துப்பறியும் வேலையைத் தொழில்சார் சுகாதாரப் பணியாளரிடம் கொடுக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சொந்தச் செலவில் போய்ச் செய்துவாருங்கள் என்று சொல்லும் நிறுவனங்கள் முதலாவதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஊழியர் பக்கம்

மறைப்பதுதான் பெரிய தவறு. அதற்குப் பின்னால் இருக்கும் வேலை போய்விடுமோ என்ற பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் லொறி ஓட்டுபவர் சளிக்கு எடுக்கும் பிரிட்டோன் குளிசைகூட நித்திரையைக் கொண்டுவரும். அதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, கொழும்பின் காலி வீதியில் குறுக்கே போகிறவருக்கும்தான். குடிக்கும் கசாயத்தையும் லேகியத்தையும் சொல்லுங்கள். சில நாட்டு மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருப்பதுண்டு, இரத்தத்தில் ஈயம் கூடினால் அது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய அந்தத் தகவல் வேண்டும். பிரஷர் குளிசையைப் ‘பரிசோதனை நாள்தானே’ என்று நிறுத்தாதீர்கள். முன்பு எங்கே என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முன் சுவாசித்த கல்தூசி இன்றைக்குத்தான் நெஞ்சில் தெரியவரலாம்.

மன அழுத்தத்தைப் பற்றிய கேள்வித்தாளை மேலாளருக்கு முன்னால் இருந்து நிரப்பச் சொன்னால், தனியாக நிரப்பித் தருகிறேன் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

அறிக்கை வந்த பிறகு

பல நிறுவனங்களில் அறிக்கை மூடிய உறையில் கைக்கு வந்துவிட்டால் விடயம் முடிந்தது. உறை வீட்டு அலுமாரிக்குள் போய்விடும். பதினைந்து நிமிடம் இருந்து விளக்கிச் சொல்ல ஒரு வைத்தியர் இல்லாத பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றே நான் தொழில்தருநர்களிடம் சொல்வேன். 35 வயது தாண்டியவர்களுக்கு அரசின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் சீனி, பிரஷர் போன்றவற்றை இலவசமாகவே பார்க்கிறார்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் கேட்டால் விபரம் சொல்வார்கள்.

இங்கே யாரும் போட்டுப்பார்க்காத ஒரு கணக்கு உண்டு. பரிசோதனையில் சீனி வருத்தம் தெரியவந்த விற்பனையாளர் ஒருவர் அரச வைத்தியசாலை கிளினிக்குக்கு மாதம் ஒரு தடவை போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை. அதிகாலையில் போய் நம்பர் எடுத்து, வைத்தியரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வர மதியம் ஆகிவிடும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் அவருக்குத் தரும் அமய லீவு வருடத்துக்கு 7 நாட்கள். அரை நாளாக எடுத்தாலும் ஆறு நாள் கிளினிக்குக்கே போய்விடும். பிள்ளையின் காய்ச்சலுக்கும் ஊரில் ஒரு மரண வீட்டுக்கும் மிச்சம் ஒரு நாள். அவர் கிளினிக்கை விட்டுவிடுவார். நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்த நிறுவனம், அந்த அரை நாளையும் கொடுக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, உங்கள் அறிக்கைகளின் பிரதிகளை நீங்களே வைத்திருங்கள். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த முதல் செவிப் பரிசோதனையும் நுரையீரல் பரிசோதனையும் மிக முக்கியம். தொழிலால் வந்த நோய்களுக்கும் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. சேரும்போது நன்றாக இருந்தது என்று காட்ட ஒரு தாளும் இல்லாவிட்டால் அந்தக் கோரிக்கை பலவீனமாகிவிடும். வேலையை விட்டுப் போகும்போதும் ஒரு பரிசோதனை செய்துதரும்படி எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியையும் அதே கோப்பில் வையுங்கள்.