நீளமான டெலிபோன் லைனுக்கு எந்த ரூட்டர்? வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

ஆறு ஆன்டெனா, பெட்டியின் மேல் பளபளவென்று ஒரு பெரிய எண், கையைக் கடிக்கும் விலை. லைன் மெதுவாக இருக்கிறதே என்று நான் முதன்முதலில் வாங்கிய "நல்ல" ரூட்டர் இப்படித்தான் இருந்தது. ஆசையாக மாட்டிப் பார்த்தேன். பழைய ரூட்டரில் 2.1 எம்பிபிஎஸ் வந்துகொண்டிருந்தது, புதியதில் 1.9. காசைக் கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட ஆள் நான்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் செம்புக் கம்பி வழியாக பிராட்பேண்ட் வாங்குகிறவர்கள் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கத்தான் இந்த விளக்கம். தொழில்நுட்பப் பின்னணி எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

பெட்டிக்குள் இரண்டு பேர்

நாம் ரூட்டர் என்று சொல்லும் பெட்டிக்குள் உண்மையில் மோடம் ஒன்று, ரூட்டர் ஒன்று. மோடம் டெலிபோன் கம்பியோடு பேசுகிறது. ரூட்டர் வந்த இணையத்தை வைஃபையாகவும் கேபிளாகவும் வீட்டுக்குள் பங்கு போடுகிறது. ஆன்டெனாவும் பெட்டி மேல் உள்ள எண்ணும் இரண்டாவது ஆளைப் பற்றியவை. நீளமான லைனில் பிரச்சினை முதல் ஆளிடம்தான், ஆனால் அவரைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரிகூட இருக்காது.

லைன் நீண்டால் வேகம் ஏன் குறைகிறது? தூரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடினால் "தும் தும்" என்ற அடித்தாளம் மட்டும் காதில் விழும், குரல் வராது. செம்புக் கம்பியும் கிட்டத்தட்ட அப்படித்தான். உயர்ந்த அதிர்வெண்கள்தான் வழியில் முதலில் தேய்ந்துபோகின்றன. டெலிபோன் கம்பியில் இணையத்தைக் கொண்டுவரும் முறையான ஏடிஎஸ்எல் தன் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தரவை ஏற்றுகிறது. இந்தத் துண்டுகளுக்கு டோன் என்று பெயர். நிலைமை நன்றாக இருந்தால் ஒரு டோனில் 15 பிட் வரை ஏற்றலாம். பழைய ஏடிஎஸ்எல்லில் 256 டோன், சுமார் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை. ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ஸில் 512 டோன், 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ஸின் உச்ச வேகம் என்று சொல்லப்படும் அந்தப் புகழ்பெற்ற 24 எம்பிபிஎஸ் இந்த 512-ஐயும் நம்பிச் சொன்ன கணக்கு. நீளமான லைனில் மேல்பாதி டோன்கள் செத்துக் கிடக்கும். மிச்சமிருக்கும் நூற்றுச் சொச்சம் டோன்களை எந்த மோடம் சாமர்த்தியமாகப் பிழிந்தெடுக்கிறதோ, அதுதான் நமக்கு நல்ல மோடம்.

படி 1: இப்போதைய எண்களை எழுதி வையுங்கள்

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்துப் பாருங்கள். திறக்காவிட்டால் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் சரியான முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பக்கத்தைத் தேடுங்கள். அங்கே பல எண்கள் இருந்தாலும் நமக்கு வேண்டியவை சிலதான்.

ஒன்று, சிங்க் வேகம். இது மோடமும் எக்ஸ்சேஞ்சும் கைகுலுக்கி ஒத்துக்கொண்ட வேகம். ஸ்பீடு டெஸ்ட்டில் இதைவிடக் குறைவாகவே வரும், பதற வேண்டாம். ஏடிஎஸ்எல்லில் தரவு 53 பைட் பொட்டலங்களாகப் போகிறது. அதில் 5 பைட் முகவரிக்கே செலவு. மற்ற சில்லறைச் செலவுகளும் சேர்ந்து பத்து, பதினைந்து சதவீதம் கழிந்துவிடும். ரூட்டர்களை ஒப்பிடும்போது சிங்க் வேகத்தை மட்டும் பாருங்கள். வைஃபை தடுமாறினால் ஸ்பீடு டெஸ்ட் பொய் சொல்லும். சிங்க் வேகத்துக்கும் வைஃபைக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு, அட்டெனுவேஷன். சிக்னல் வழியில் எவ்வளவு தேய்ந்தது என்று டெசிபலில் சொல்லும் எண். அரை மில்லிமீட்டர் கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14 டெசிபல் என்பது உத்தேசக் கணக்கு. கம்பி மெல்லியதாக இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். 30-க்குள் இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கானதே இல்லை. 50-ஐத் தாண்டினால் உங்களுடையது நீளமான லைன். சரியாக 63.5 என்று காட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்: பழைய ஏடிஎஸ்எல் முறையில் அதற்கு மேல் எண் காட்ட இடமே இல்லை. உண்மை அதைவிட மோசமாக இருக்கலாம்.

மூன்று, எஸ்என்ஆர் மார்ஜின். இதுதான் எல்லாவற்றிலும் சுவாரசியமானது. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே, லைன் அறுந்துபோகாமல் இருக்க ஒதுக்கி வைத்த கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையும்போது பெரும்பாலும் 6 டெசிபல் கையிருப்பை வைத்துக்கொண்டு, மீதியை வேகமாக மாற்றிவிடுவார்கள். பிறகு இரைச்சல் கூடக் கூட இந்த எண் கரையும். ஒன்று, இரண்டுக்கு வந்தால் லைன் தட்டுத் தடுமாறி, துண்டித்து, குறைந்த வேகத்தில் மறுபடி இணையும்.

இந்த எண்களை மதியம் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். இரவில் மார்ஜின் குறைந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மத்திய அலை வானொலி ஓடும் 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி ஏடிஎஸ்எல்லின் பாதைக்குள்ளேயே வருகிறது. பொழுது சாய்ந்தபின் தூர நிலையங்களின் அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். கம்பத்தில் தொங்கும் நம் நீளமான கம்பி அவற்றுக்கு ஓர் அருமையான ஆன்டெனா!

படி 2: ரூட்டரைக் குற்றம் சொல்லும் முன் கம்பியைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் போனேன்.

வீட்டுக்குள் டெலிபோன் கம்பி நுழையும் முதல் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மற்ற எக்ஸ்டென்ஷன், போன், ஃபேக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ரூட்டரை மட்டும் ஒரு சின்னக் கம்பியால் அங்கே நேரடியாக மாட்டுங்கள். சிங்க் வேகமும் மார்ஜினும் ஏறினால் வில்லன் உங்கள் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறான். வேறு அறைக்குப் போகும் கிளைக் கம்பி ஒவ்வொன்றும் சிக்னலின் ஒரு பகுதியைத் தின்னும், இரைச்சலையும் உள்ளே இழுத்து வரும். ரூட்டரை முதல் பெட்டிக்கே மாற்றிவிட்டு, அங்கிருந்து ஈதர்நெட் கேபிள் இழுத்துக்கொள்வது எப்போதும் மேல்.

போன் இருந்தால் குரலையும் இணையத்தையும் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டரோ மைக்ரோ ஃபில்டரோ கட்டாயம் வேண்டும். பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள், ரூட்டரை விட எவ்வளவோ மலிவு. ரூட்டரின் அருகே மட்டமான மின்சார அடாப்டர், எல்இடி விளக்கு எதுவும் இருந்தால் அணைத்துப் பாருங்கள். இவற்றின் மின்சுற்று கக்கும் இரைச்சல் நம் டோன்கள் மேலேயே விழும்.

அப்புறம் போனை எடுத்துக் காதில் வையுங்கள். டயல் டோனுக்குப் பின்னால் கரகரப்பு கேட்கிறதா? கேட்டால் எங்கோ ஓர் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது, எந்த ரூட்டராலும் அதைச் சரி செய்ய முடியாது. புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், "போனில் கரகரப்பு" என்று சொல்லுங்கள். என் அனுபவத்தில் இரண்டாவது புகாருக்குத்தான் ஆள் ஏணியோடு வருகிறார்.

படி 3: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். டெலிபோன் கம்பி நுழையும் சின்னத் துளை இருக்க வேண்டும், அதன் மேல் டிஎஸ்எல் அல்லது லைன் என்று எழுதியிருக்கும். பல விலையுயர்ந்த ரூட்டர்களில் இது கிடையாது. அவை ஃபைபருக்கும் கேபிளுக்கும் செய்தவை, உள்ளே மோடமே இல்லை.

அடுத்தது சிப். இதுதான் இந்தப் பதிவின் உயிர். மோடமின் வேலையைச் செய்யும் சிப்பை ரூட்டர் நிறுவனங்கள் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. பிராட்காம், மீடியாடெக், முன்பு லாண்டிக் போன்ற சிலரிடமிருந்து வாங்கிப் போடுகிறார்கள். வேறு வேறு பெயரில் விற்கும் இரண்டு ரூட்டர்களுக்குள் ஒரே சிப் இருக்கலாம். ஒரே பெயரில் விற்பதற்குள் வேறு வேறு சிப் இருக்கலாம். நெட்கியர் டிஜி834ஜி என்று ஒரு பழைய மாடல் உண்டு. அதன் மூன்றாம் பதிப்பில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப், நான்காம் பதிப்பில் பிராட்காம். வெளியே பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஆகவே மாடல் பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள்.

எந்த சிப் நல்லது? எல்லா லைனுக்கும் பொதுவாக ஒரு பதில் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் எதிர்முனையில் இருக்கும் கருவியின் சிப்போடு எது ஒத்துப்போகிறதோ அதுதான் நல்லது, பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் சிப்கள் ஒன்றோடொன்று சுமுகமாக இருக்கும். சில ரூட்டர்களின் விவரப் பக்கத்தில் எதிர்முனையின் அடையாளக் குறி தெரியும். பிடிசிஎம் என்றிருந்தால் பிராட்காம், ஐஎஃப்டிஎன் என்றிருந்தால் இன்ஃபினியன். லாண்டிக் இந்த இன்ஃபினியனிலிருந்து பிரிந்து வந்ததுதான். குறி தெரியவில்லையா? உங்கள் எக்ஸ்சேஞ்சிலேயே இணைப்பு வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு மாலைப்பொழுதுக்கு ரூட்டரைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். நூறு விமர்சனம் படிப்பதைவிட அது மேல்.

ஏடிஎஸ்எல் 2 கட்டாயம் இருக்கட்டும். பழைய ஏடிஎஸ்எல்லில் ஒரு டோன் குறைந்தது 2 பிட் சுமக்க முடிந்தால்தான் உபயோகம். ஏடிஎஸ்எல் 2 ஒரே ஒரு பிட்டைக்கூட ஏற்றும். நீளமான லைனில் இப்படி அரைகுறை உயிரோடு கிடக்கும் டோன்கள் நிறைய இருக்கும், அவை எல்லாம் வேலைக்கு வந்துவிடும். அனெக்ஸ் எல் என்ற நீள்தூர முறையும் இருந்தால் நல்லது. அது சக்தியைக் கீழ் அதிர்வெண்களில் குவிக்கும். ஆனால் எக்ஸ்சேஞ்சிலும் அதை இயக்கியிருந்தால்தான் பலன்.

ஏடிஎஸ்எல்லைவிட வேகமான விடிஎஸ்எல் 2 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டினால் அதன் சாதகம் ஏறக்குறைய கரைந்துவிடும். தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர் வந்திருந்தால் கதை வேறு.

கடைசியாக, விரிவான லைன் விவரங்களைக் காட்டும் பக்கம் இருக்கிறதா, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். இந்த இரண்டும் இல்லாத ரூட்டரை நான் வாங்குவதில்லை.

படி 4: மாட்டுவது

பழைய ரூட்டரிலிருந்து பயனர் பெயர், கடவுச்சொல், இணைப்பு முறை, லைனில் தரவு போகும் பாதையைக் குறிக்கும் விபிஐ, விசிஐ எண்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அப்படியே புதியதில் போடுங்கள். மாடுலேஷனை, அதாவது ஏடிஎஸ்எல்லின் எந்த வகையில் இணைவது என்ற தேர்வை, தானியங்கியாக விடுங்கள். பிட்ஸ்வாப் என்றொரு அமைப்பு இருந்தால் இயக்கி வையுங்கள். ஒரு டோன் கெட்டால் அதன் சுமையை வேறொரு டோனுக்கு மாற்றும் வேலை அதனுடையது.

மாட்டிய ஐந்தாவது நிமிடமே தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு, மூன்று நாள் ஓடட்டும். சும்மா சும்மா ஆஃப் செய்து ஆன் செய்யவும் வேண்டாம். பல எக்ஸ்சேஞ்சுகளில் லைனைக் கண்காணிக்கும் மென்பொருள் உண்டு. அடிக்கடி துண்டித்தால் லைன் நிலையில்லாதது என்று எடுத்துக்கொண்டு அதுவே வேகத்தைக் குறைத்துவிடும். பிறகு மதியம், இரவு எண்களை எழுதி, பழைய நோட்டோடு ஒப்பிடுங்கள். சிங்க் வேகம் ஏறி, ஆனால் ஒரு நாளில் நாலு முறை துண்டிக்கிறது என்றால் அது லாபமே இல்லை.

படி 5: மார்ஜினைக் கொஞ்சம் சுரண்டுவது

இது விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். சில ரூட்டர்களில் அந்த 6 டெசிபல் கையிருப்பைக் குறைக்கச் சொல்லலாம். பிராட்காம் சிப் உள்ள பலவற்றில் டெல்நெட் வழியாக, அதாவது கணினியிலிருந்து ரூட்டருக்குக் கட்டளை அடித்து, முடியும், மறுதொடக்கம் செய்தால் அது அழிந்துவிடும், மறுபடி போட வேண்டும். லாண்டிக் சிப் உள்ள சில பெட்டிகளில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்றினால் இதற்கான அமைப்பு கிடைக்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்று நாமே கணக்குப் போடலாம். 3 டெசிபல் குறைத்தால் ஒரு டோனுக்கு ஏறக்குறைய 1 பிட் கூடும். ஒவ்வொரு டோனும் வினாடிக்கு 4000 முறை சுமை ஏற்றி அனுப்புகிறது. உங்கள் லைனில் உயிரோடு இருப்பவை 120 டோன் என்றால், 120 பெருக்கல் 4000. 480 கேபிபிஎஸ். இரண்டு எம்பிபிஎஸ் லைனில் இது கால்பங்கு, கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். பதிலுக்கு உங்கள் கையிருப்பு பாதியாகிவிட்டது. இரவில் மார்ஜின் 4 டெசிபல் சரியும் லைனில் மதியம் இந்த வித்தையைச் செய்தால் ஏழு மணிக்கெல்லாம் இணைப்பு அறுந்துவிடும். இரவிலேயே செய்யுங்கள், அரை அரை டெசிபலாகக் குறையுங்கள், பிழைகளின் எண்ணிக்கை எகிறினால் பின்வாங்குங்கள்.

என் ஆறு ஆன்டெனா ரூட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நண்பர் ஒருவர் பரணில் போட்டு வைத்திருந்த பிராட்காம் சிப் மோடத்தைக் கொடுத்தார். வைஃபை சுமார்தான், நிறமும் மங்கிப்போய் மஞ்சளாகிவிட்டது. ஆனால் முதல் பெட்டியிலேயே மாட்டியதில் 2.6 எம்பிபிஎஸ் வந்தது. அதை பிரிட்ஜ் முறையில் வைத்து வெறும் மோடமாக மாற்றினேன். அங்கிருந்து ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்து ஹாலில் இருக்கும் ஆறு ஆன்டெனாவுக்குக் கொடுத்தேன். இப்போது கம்பியோடு பேசுவது கிழவர், வீட்டுக்குள் வைஃபை பரிமாறுவது பளபளப்புக்காரர்.