கியர் லீவர் வழுக்குகிறதா? பல்லுக்கு முன்னால் பிளவைப் பாருங்கள்

பைக்கின் கியர் லீவரை மிதித்தால் லீவர் மட்டும் சுற்றுகிறது, அது மாட்டியிருக்கும் ஷாஃப்ட் (எஞ்சினிலிருந்து வெளியே நீளும் அச்சு) நகரவில்லை. கிக்கரும் இப்படித்தான், பாதி மிதியில் ‘கரக்’ என்று வழுக்கிக் கீழே போய் முட்டும். பட்டறையில் ‘பல்லு போச்சு’ என்பார்கள். பல் போனது உண்மைதான். ஆனால் போனது எதன் பல், ஏன் போனது என்று பார்க்காமல் கையை வைத்தால் ஒரு மாதத்தில் அதே வேலை திரும்ப வரும்.

லீவரின் வட்டத் தலையை இங்கே கொண்டை என்று வைத்துக்கொள்வோம். கொண்டையின் உள்பக்கம் முழுக்கச் சின்ன முக்கோணப் பற்கள், ஷாஃப்டின் மேலும் அதே பற்கள். கொண்டையில் ஒரு பிளவு, அதன் குறுக்கே ஒரு போல்ட். பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு அந்தப் போல்ட் கொடுக்கும் பிடிமானத்துக்கு. பிடி தளர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் லீவர் இம்மியளவு முன்னும் பின்னும் ஆடி, பல்லின் நுனியை மழுக்கிவிடும். பெரும்பாலும் ஷாஃப்ட் கடினப்படுத்திய இரும்பு, லீவர் மிருதுவான இரும்பு அல்லது அலுமினியம். அதனால் முதலில் தேய்வது லீவர்தான். இது நல்ல செய்தி, ஏனென்றால் ஷாஃப்டை மாற்ற எஞ்சினைத் திறக்க வேண்டும்.

கழற்றும்போதே ஒரு தவறு நடக்கும். பல வண்டிகளில் ஷாஃப்டைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அதற்குள் உட்கார்ந்திருக்கும். போல்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக உருவி எடுத்தால்தான் லீவர் வரும். உருவாமல் சுத்தியலால் தட்டினால் பள்ளத்தின் விளிம்பு, போல்டின் மரை இரண்டும் போகும்.

இப்போது பிளவைப் பாருங்கள். போல்டை முறுக்கியபோது பிளவின் இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டனவா? அப்படியானால் அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் கொண்டை ஷாஃப்டை இறுக்காது, போல்டின் மரைதான் அறுபடும். தேய்ந்த லீவர்களில் அடிக்கடி காண்பது இதுதான். லீவரை வைஸில் பிடித்து, ஆக்ஸா பிளேடை அந்தப் பிளவுக்குள்ளேயே விட்டு ஒருமுறை அறுத்துவிடுங்கள். ஒரு பிளேடு சுமார் 1 மி.மீ. அகலம் கொடுக்கும். இரண்டு பிளேடைச் சேர்த்துக் கட்டினால் இன்னும் கொஞ்சம். பிளேடு எதிர்ப்பக்கத்து உள்பற்களைத் தொடும் வரை அறுத்துவிடாதீர்கள். பிசிறை அரத்தால் எடுத்து, மாட்டி முறுக்குங்கள். முறுக்கிய பிறகும் உதடுகளுக்கு இடையே இடைவெளி தெரிய வேண்டும். பற்களில் பாதி உயரமாவது மிச்சம் இருந்தால் கியர் லீவருக்கு இதுவே போதும்.

அலுமினிய லீவரின் பிளவில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். கொண்டையின் முதுகில் விரிசல் விழும், அது உடனே கண்ணுக்குத் தெரியாது.

போல்டும் புதிதாக இருக்கட்டும். தலையில் 8.8 என்று (இது வலிமைக் குறி) பொறித்த எம்6, அதாவது 6 மி.மீ. போல்டுக்கு முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர், எம்8 என்றால் சுமார் 25. கொண்டையிலேயே மரை போயிருந்தால் 6.5 மி.மீ. துளையாகப் பெரிதாக்கி, நீளமான எம்6 போல்டும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்டு) போடலாம்.

அடுத்து ஷாஃப்ட். பித்தளைப் பிரஷும் மண்ணெண்ணெயும் கொண்டு பற்களுக்கு இடையே உள்ள அழுக்கை எடுங்கள். அங்கே நிரம்பிக் கிடப்பது பெரும்பாலும் லீவரிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள்தான். அதைப் பார்த்து ஷாஃப்ட் பல் மொட்டையாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. சுத்தம் செய்த பின் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, சுற்றிவர எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். புது லீவர் வாங்கும்போது விட்டத்தோடு இந்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். பிறகு எல்லாப் பற்களிலும் மார்க்கர் மை பூசி, புது லீவரை மெல்ல நுழைத்து வெளியே எடுங்கள். மை உரசிப்போன இடம் மடிந்த பல். அங்கே மட்டும் சின்ன முக்கோண அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு. பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டாம், மடிந்த பிசிறு போனால் போதும். அரம் கடிக்காமல் கண்ணாடி மேல் ஓடுவதுபோல் வழுக்கினால் ஷாஃப்டின் கடினம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

ஷாஃப்டும் கொஞ்சம் தேய்ந்து, புது லீவரிலும் ஆட்டம் இருந்தால் லோக்டைட் 660 என்ற பசையை வாங்குங்கள். தேய்ந்த இடத்தை நிரப்பவென்றே வருவது, அரை மி.மீ. வரை இடைவெளியை நிரப்பும். இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். பலருக்கு இது ஒட்டாமல் போவதற்குக் காரணம் இந்தத் துடைப்பைச் சரியாகச் செய்யாததுதான். உள்ளே இருக்கும் ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பக்கம் பசை வழியாமல் பார்த்துக்கொண்டு, போல்டை முறுக்கி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். திரும்பக் கழற்ற கொண்டையைச் சுமார் 250 டிகிரி வரை சூடாக்க வேண்டும், அப்போது பக்கத்து ஆயில் சீல் கருகும். ஆகவே சீக்கிரம் அந்தப் பக்கக் கவரைத் திறக்கும் வேலை இருந்தால் இதைச் செய்யாதீர்கள். குளிர்பான டின்னை வெட்டித் தகடாகச் செருகுவது வீடு வந்து சேரத்தான் உதவும்.

கிக்கருக்கு இந்தப் பசை வேலை எதுவும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 60 கிலோ ஆள் 20 செ.மீ. நீளக் கிக்கரில் முழு எடையோடு ஏறி மிதித்தால் ஷாஃப்டுக்குச் சுமார் 120 நியூட்டன் மீட்டர் போகிறது. கியர் லீவரில் 12 செ.மீ. தூரத்தில் 10 கிலோ அழுத்தம் என்றால் 12தான். பத்து மடங்கு. கிக்கர் வழுக்கினால் முழங்கால் போகும், புது லீவரே போடுங்கள். பழைய வண்டி, அதே வடிவத்தில் கிக்கர் கிடைக்கவில்லை என்றால், பல் எண்ணிக்கை ஒத்த வேறொரு இரும்புக் கிக்கரின் கொண்டையை வெட்டி, பழைய கிக்கர் தண்டில் வெல்டிங் வைக்கலாம். கோணத்தை வண்டியில் வைத்துக் கோடு போட்டுக்கொண்டு, கழற்றி, மேசை மேல்தான் பற்ற வைக்க வேண்டும்.

லீவரையும் ஷாஃப்டையும் சேர்த்து வெல்டிங் வைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, உடனே தீர்வு. ஆனால் சீல் அன்றே கருகி ஆயில் ஒழுகும். ஷாஃப்டின் கடினமும் போய்விடும். கரண்ட் எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங் வழியாகப் பாய்ந்து பந்துகளில் புள்ளி விழவும் வாய்ப்புண்டு. அடுத்த முறை கிளட்ச் வேலைக்குக் கவரைக் கழற்ற, லீவரைக் கிரைண்டரால் அறுக்க வேண்டும், ஷாஃப்டும் அதோடு போகும்.

முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) மாட்டும் ஷாஃப்டின் பல் தேய்மானம் வேறு கதை. அங்கே செந்நிறப் பொடி படிந்திருந்தால் இரும்பும் இரும்பும் உரசித் துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். புது ஸ்ப்ராக்கெட் மாட்டியும் கையால் அசைத்தால் நன்றாக ஆடினால், அல்லது ஷாஃப்ட் பல் கூரான கொக்கிபோல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால், வீட்டு வேலையை அங்கேயே நிறுத்துங்கள். செயினை அளவுக்கு மேல் இறுக்கி ஓட்டுவதும் அந்த ஷாஃப்டைச் சீக்கிரம் தேய்க்கும்.

லீவர் வேலை முடிந்ததும் கொண்டையிலிருந்து ஷாஃப்ட் முனை வரை பெயிண்டால் ஒரு நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். 50 கி.மீ. ஓட்டிவிட்டு பாருங்கள், கோடு உடைந்திருந்தால் பிடி இன்னும் போதவில்லை. உடையாவிட்டாலும் போல்டை ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கலாம்.