வீணையோடும் வண்ணப்பெட்டியோடும் சென்னைக்குத் திரும்பும்போது

பல வருடம் டெல்லியிலோ பெங்களூரிலோ இருந்துவிட்டுச் சென்னைக்கே குடிவருகிறவர்கள் பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு, வாடகை முன்பணம் எல்லாவற்றையும் யோசிக்கிறார்கள். ஊரின் ஈரக்காற்று மட்டும் மறந்துபோகிறது. வீணையையும் ஓவியத்தாளையும் முதலில் தாக்குவது அதுதான்.

வீணையைச் சாமான் லாரியில் ஏற்றவே வேண்டாம், அதுவும் மே மாதத்தில். விரல் அழுத்தும் 24 உலோக மெட்டுகளும் மெழுகின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மூடிய வண்டியின் சூட்டில் மெழுகு இளகி மெட்டு அமுங்கும், சாயும். ரயிலில் கூடவே கொண்டுவாருங்கள். தந்திகளைக் கொஞ்சம் இறக்கினால் போதும்; முழுக்கத் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்துவிடலாம்.

வீட்டில் அதற்கான இடம் உள்சுவர் ஓரம். மேற்குச் சுவர் பகல் வெயிலை இரவெல்லாம் கக்கும். குளியலறைச் சுவரில் ஓதம் ஏறும். ஏசி காற்றும் நேராகப் படக்கூடாது.

வந்த அன்றே சுருதி சேர்க்காமல் இரண்டு நாள் உறையிலேயே விடுங்கள். பிறகு சாரணியை, அதாவது முதல் வாசிப்புத் தந்தியை, வெறுமனே ஒருமுறை, 12ஆம் மெட்டில் அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். மெட்டில் மேல் ஸட்ஜம், அதாவது வெறும் தந்தியின் அதே ஸ ஒரு ஸ்தாயி மேலே, சுத்தமாகப் பேசவேண்டும். பேசவில்லையென்றால் முதலில் குதிரையைப் பாருங்கள். 12 சரியாக இருந்து மற்ற மெட்டுகள் பிசகினால் மெழுகுதான் நகர்ந்திருக்கிறது. மெழுகில் மெட்டுகளைப் பதிக்கும் மேளம் கட்டுபவரிடம் போகவேண்டியதுதான். மெழுகைச் சூடாக்கி நீங்களே தள்ளிப்பார்க்காதீர்கள். ஒரு மெட்டின் உயரம் மாறினாலே தந்தி அடுத்த மெட்டில் உரசி இரையும்.

ஐப்பசி மழையில் பிரடைகள், அதாவது தந்தியை முறுக்கும் மரமுளைகள், ஊதி இறுகும். குறடு போட்டுத் திருகினால் விரிசல் விடும். கையாலேயே முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துத் தளர்த்துங்கள். வறண்ட நாளில் வழுக்கினால் சாக்பீஸ் தூள் பூசலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மாற்றுத்தந்தி ஒரு செட் கையிருப்பில் இருக்கட்டும்.

நீர்வண்ணத்தாள்தான் இன்னும் நோஞ்சான். ஈரம் குடித்த தாளில் மேற்பூச்சுப் பசை கெட்டு, வண்ணம் திட்டுத்திட்டாக உறிஞ்சப்படும். அப்படிக் கெட்ட தாளைக் காயவைத்தாலும் தேறாது, பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். நல்ல தாளை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். வண்ணப்பெட்டியை ஈரத்தோடு மூடினால் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் ஒரு பூச்சு காயவே நெடுநேரம் ஆகும் என்பதால், அப்போது பேனா, பென்சில் வேலைக்கு மாறுவது நல்லது. கபாலீஸ்வரர் கோயில் குளக்கரையில் காலை எட்டு மணிக்குள் வரைய உட்கார்ந்தால் நிழலும் கிடைக்கும், கூட்டமும் இருக்காது.

சாமான் பிரித்து முடியட்டும் என்று கலையைத் தள்ளிவைக்காதீர்கள். பிரித்து முடியவே மாதங்கள் ஆகும். முதல் மாதம் தினம் அரைமணி போதும். அடுக்குமாடியில் மாலை ஆறிலிருந்து ஏழு யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரம். பழைய ஆசிரியரிடம் மறுபடி பாடம் தொடங்க விஜயதசமி நல்ல நாள். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். மார்கழி நெருங்கினால் அவருக்கு நேரம் இருக்காது.