ரேடியனைப் பாகைக்கு மாற்றாமலே படிக்க

தென்னாப்பிரிக்க மெட்ரிக் (பள்ளி இறுதியாண்டு) கணிதத்தில் கோணமெல்லாம் பாகைதான். பல்கலைக்கழக முதலாண்டு நுண்கணிதத்தில் ரேடியன் வந்ததும், டர்பன் பிள்ளைகள் பலர் ஒவ்வொன்றையும் 180/π ஆல் பெருக்கிப் பாகையாக்குகிறார்கள். அந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

வட்டத்தின் ஆரத்தை ஒரு நூலில் அளந்து, அதே நூலை விளிம்பில் வளைத்து வையுங்கள். மையத்தில் அது காட்டும் கோணமே 1 ரேடியன், ஏறத்தாழ 57.3 பாகை. அரைச் சுற்றுக்கு அப்படி 3.14 நூல், அதாவது π.

ஆரம் 1 என்றால் வில்லின் நீளமும் கோணமும் ஒரே எண். ஆரம் வேறென்றால் கோணத்தை ஆரத்தால் பெருக்கினால் வில்லின் நீளம். டர்பன் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 பாகை தெற்கே, அதாவது π/6. பூமியின் ஆரம் 6,371 கி.மீ.யை இந்த π/6 ஆல் பெருக்கினால் தூரம் சுமார் 3,336 கி.மீ. வேறு சூத்திரம் வேண்டாம்.

5π/6 வந்தால் அரைச் சுற்றை ஆறு துண்டாக்கி, ஆரம் 1 உள்ள வட்டத்தின் வலக்கோடியிலிருந்து மேல்நோக்கி ஐந்தை எண்ணுங்கள். π-க்கு ஒரு துண்டு குறைவு. போய்ச் சேரும் புள்ளி இடப்பக்கம் மேலே. கொசைன் கிடைத்தூரம் என்பதால் −√3/2, சைன் உயரம் என்பதால் 1/2. குறி தவறுவது பெரும்பாலும் படம் வரையாததால்தான்.

கால்குலேட்டரில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் பாகை முறை, −0.988 வந்தால் ரேடியன் முறை. நுண்கணிதத்துக்கு இரண்டாவதே வேண்டும்: சைனின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை, பாகையில் π/180 என்ற காரணி ஒட்டிக்கொள்ளும்.