தனி டிஸ்ட்ரோவுக்கு பேக்கேஜ் எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்ட் லினக்ஸ் ஒரு தனி டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு. டெபியன், ஆர்ச் போன்ற வேறு டிஸ்ட்ரோக்களிலிருந்து பிரிந்து வந்ததல்ல. நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் டெவலப்பராக இருந்த ஹுவான் ரொமேரோ பார்டினெஸ், தான் எழுதிய பேக்கேஜ்களாக வரும் மென்பொருள்களை நிறுவி அப்டேட் செய்யும் எக்ஸ்பிபிஎஸ் என்ற பேக்கேஜ் மேனேஜரைச் சோதித்துப் பார்க்க 2008இல் தொடங்கியது. அதே எக்ஸ்பிபிஎஸ்ஸை வைத்து ஓடும் சிறு திட்டம் ஒன்றில் புதியவர்கள் அனுப்பும் பேட்ச்களை (மாற்றங்களை) நான் பார்த்துக்கொடுக்கிறேன். தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்துப் பிழை, டெம்ப்ளேட் (மூல நிரலிலிருந்து பேக்கேஜை பில்ட் செய்யும் வழியைச் சொல்லும் கோப்பு) வரிசை போன்றவற்றை எக்ஸ்லின்ட் என்ற சோதனைக் கருவி சொல்லிவிடும். அவற்றை விடுவோம்.

லைப்ரரியை மட்டும் உயர்த்திவிட்டுப் போவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்புதான் ஷேர்டு லைப்ரரி. பொதுவாக அதற்குள் சோநேம் என்று ஒரு பெயர் பதிந்திருக்கும். பழைய புரோகிராம்களோடு ஒத்துப்போகாதபடி லைப்ரரி மாறும்போது, அதை எழுதியவர்கள் அந்தப் பெயரின் கடைசி எண்ணைக் கூட்டுவார்கள். எக்ஸ்பிபிஎஸ் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் எந்த சோநேம் வேண்டும், எதை அது தருகிறது என்று கணக்கு வைத்திருக்கிறது.

ஒரு புதியவர் படக் கோப்புகளைக் கையாளும் லைப்ரரி ஒன்றைப் புதிய பதிப்புக்கு மாற்றி பேட்ச் அனுப்பினார். அவர் கணினியில் பில்ட் ஆனது, சோதனையும் பச்சை காட்டியது. சோநேம் மாறியதை அவரும் பார்க்கவில்லை, அதை ஏற்றுக்கொண்டவரும் பார்க்கவில்லை. அந்த லைப்ரரியை நம்பியிருந்த பேக்கேஜ்கள் பழைய சோநேமையே தேடிக்கொண்டிருந்தன. இப்படிக் கணக்கு இடித்தால் எக்ஸ்பிபிஎஸ் புதிய பேக்கேஜ்களை வெளியே விடாமல் தனியாக நிறுத்திவைக்கும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் பின்னால் வந்த பிரவுசரின் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்து நின்றுவிட்டது. ஒரு வரி மாற்றத்துக்காக, சம்பந்தமே இல்லாதவர்கள் ஓட்டை உள்ள பிரவுசரோடு காத்திருந்தார்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் மோசம். சிக்கலைச் சரிசெய்து புதிய லைப்ரரி வெளியான பிறகு, சொந்தமாக பில்ட் செய்த பேக்கேஜ் வைத்திருந்த ஒருவருக்கு அப்டேட் பாதியில் நின்றது. புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போடுமாறு யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பலகையில் எண்ணை மாற்றினால் பஸ் வேறு ஊருக்குப் போய்விடாது. புரோகிராம் திறந்தது, படங்களும் தெரிந்தன. சேமிக்கும்போது மட்டும் செயலிழந்து கோப்பைப் பாழாக்கியது. திறக்கவே மறுத்திருந்தால் அந்தப் படங்கள் தப்பியிருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பதிப்பை உயர்த்தும் முன் பழைய, புதிய சோநேம்களை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் சோநேம்களின் பட்டியலான ஷ்லிப்ஸ் கோப்பில் அந்த வரியைத் திருத்துங்கள். அந்த லைப்ரரியை நம்பியிருப்பவற்றை எக்ஸ்ரெவ்ஷ்லிப் என்ற கருவி பட்டியலிடும்; அதில் உள்ள ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ரிவிஷன் எண்ணை ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் அதே பேட்ச்சில் பில்ட் செய்து அனுப்புங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் நேரம் ஆகும். ஆகட்டும்.

கிளிப்சியில் மட்டும் பில்ட் செய்வது

புரோகிராம்கள் நம்பியிருக்கும் சி மொழியின் அடிப்படை லைப்ரரி கிளிப்சி; அதற்கு மாற்று மியூசல். மியூசலிலும் ஒருமுறை பில்டை ஓட்டுங்கள். கிளிப்சியில் உள்ள எக்ஸெக்இன்ஃபோ ஹெடர் (பில்டின்போது நிரலில் சேர்க்கப்படும் கோப்பு) அங்கே கிடையாது.

செக்சம் பொருந்தாவிட்டால் புதியதை ஒட்டிவிடுவது

செக்சம் என்பது இறக்கிய கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண். பதிப்பு எண் மாறாமல் செக்சம் மட்டும் மாறியிருந்தால், பழைய கோப்பையும் புதியதையும் பிரித்து வைத்து வித்தியாசம் பாருங்கள். செக்சம் பொருந்தினாலும், இது அதே கோப்பு என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வந்தபோது, அதை இயக்கிவிடும் வரிகள் மூல நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டித் தரும் டார்பால் கோப்பில் மட்டும் இருந்தன. எஸ்எஸ்ஹெச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) லாகின் ஏன் மெதுவாகிறது என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற டெவலப்பர் தோண்டியதால்தான் அது வெளியே வந்தது. முடிந்த இடத்திலெல்லாம் டார்பாலை கிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாவி எல்லாம் ஒருவர் கையில்

2018இல் வாய்ட்டின் தலைவரைத் தொடர்புகொள்ள முடியாமல் போனது. நிரலை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் இருந்த அமைப்புக் கணக்கு, இணைய முகவரியான டொமைன் இரண்டிலும் மற்றவர்களுக்கு முழு அதிகாரம் இல்லை. குழு புதிய கிட்ஹப் அமைப்புக்கும் புதிய டொமைனுக்கும் மாற வேண்டியதாயிற்று. உங்கள் ரெப்போவின் (பேக்கேஜ் களஞ்சியத்தின்) சைனிங் கீ, அதாவது பேக்கேஜ்களில் கையெழுத்திடும் சாவி, டொமைன் கணக்கு இரண்டையும் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.