பச்சை பூத்த 486

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி நடத்திய மாமா கணக்கு வைத்திருந்த 486 செயலி கொண்ட பழைய கணினியைப் பரணிலிருந்து இறக்கினேன். விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை.

மூடியைக் கழற்றியதும் குற்றவாளி தெரிந்துவிட்டது. மதர்போர்டின் ஓரத்தில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. இந்தக் கசிவு காரத்தன்மை கொண்டது. செம்புத் தடங்களை அரித்துவிடும். பழைய கணினி கையில் கிடைத்தால் மின்சாரம் கொடுக்கும் முன்பே இந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள்.

காரத்தை முறிக்கச் சமையல் வினிகரைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தேன். பிறகு பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, நன்றாக உலர்த்தினேன். மல்டிமீட்டரில் பார்த்தபோது விசைப்பலகை இணைப்பருகே ஒரு தடம் அறுந்திருந்தது. மெல்லிய எனாமல் கம்பியைப் பற்றவைத்ததும் திரை உயிர்பெற்றது.

புதிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற முடியாத சாதாரண ஏஏ செல்கள் மூன்று போதும். ஆனால் இடையே, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு கட்டாயம். இல்லாவிட்டால் போர்டு அவற்றையும் சார்ஜ் செய்ய முயலும்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, ஐடிஇ (அக்கால ஹார்டு டிஸ்க் இணைப்பு) அடாப்டரில் காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டை பொருத்தினேன். கணினியைத் துவக்கும் அக்காலத்து பயாஸ் நிரல்கள் பல, 1024-இன் மடங்கில் எண்ணும் இருமக் கணக்கில் 504 எம்பிக்கு மேல் பார்க்காது. 512 எம்பி என்று விற்கும் அட்டை, தசமக் கணக்கில் அளக்கப்படுவதால், அதற்குள் அடங்கிவிடுகிறது. வட்டைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி, டாஸ் இயங்குதளத்தை நிறுவினால் அது தானாகத் துவங்கும்.