ஏழு நாள் நாவல் சேலஞ்: பேரைத் தேடுறதுக்கு முன்னாடி பக்கத்தை எண்ணுங்க

நாங்க ஏழெட்டுப் பேரு வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்வோம், ஒரு வாரம், திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும், நாவல் மட்டும்தான், கவிதை கட்டுரை எல்லாம் கணக்குல வராது. முதல் வருஷம் நான் பண்ண கூத்து இருக்கே, ஏழு நாளு ஏழு நாவல்னு மேசையில அடுக்கி வச்சி அழகா ஒரு படம் புடிச்சேன். வாரம் முடியுறப்ப ஒன்னு முடிஞ்சிருந்துச்சி, இன்னொன்னுல அறுபது பக்கம். மத்த அஞ்சும் படத்துக்கு நின்னதோட சரி.

எங்க தப்புன்னா புக்கை முதல்ல எடுத்துட்டு நேரத்தை அப்புறம் தேடினேன். இப்ப தலைகீழா செய்யுறேன், அதைத்தான் இங்க ஒவ்வொரு படியா எழுதுறேன். புதுசா தொடங்குறவங்களுக்குத்தான் இது, வாரத்துக்கு மூனு நாவல் முடிக்கிற ஆளுங்க தாராளமா அடுத்த வேலையைப் பாக்கலாம்.

படி 1: கால் மணி நேரம் படிச்சிப் பாருங்க

இதுக்கு முன்னாடி படிக்காத ஒரு தமிழ் நாவலை எடுத்துக்கோங்க, போன்ல 15 நிமிஷம் டைமர் வைங்க, சாதாரணமா படிங்க. ஓட்டப்பந்தயம் வேணாம். டைமர் அடிச்சதும் எத்தனை பக்கம்னு பாருங்க. வீட்டுல ராத்திரி படிச்சா எனக்கு எட்டுப் பக்கம் வருது. அதையே பெர்ரியில படிச்சா அஞ்சுதான், ஏன்னா நான் இருக்கிறது மலேசியாவுல பட்டர்வொர்த், வேலை எதிர்க்கரையில பினாங்குத் தீவு பீச் ஸ்திரீட் பக்கம், தினம் கடலைத் தாண்டணும், காத்து பக்கத்தைப் புரட்டும், பக்கத்துல யாராவது வீடியோவைச் சத்தமா போட்டிருப்பாங்க, நாமளும் கொஞ்ச நேரம் தண்ணியைப் பாத்துட்டு நிப்போம். அதனால எந்த இடத்துல படிக்கப் போறீங்களோ அந்த இடத்துலயே சோதிச்சிப் பாருங்க. ரெண்டு இடம்னா ரெண்டு சோதனை.

கிண்டில்ல படிக்கிறவங்களுக்குப் பக்க எண்ணிக்கை உதவாது, எழுத்தைப் பெருசாக்கினா ஸ்கிரீன்ல வர்ற வரி குறைஞ்சிடும். கீழ வர்ற சதவீதத்தைப் பாருங்க, கால் மணி நேரத்துல எத்தனை சதவீதம் நகருதுன்னு.

படி 2: அந்த வாரத்தை உள்ளபடி எழுதுங்க

இங்கதான் எல்லாரும் பொய் சொல்லுவோம். "தினம் மூனு மணி நேரம் படிப்பேன்"னு எழுதுவோம், எந்த மூனு மணி நேரம்னு கேட்டா பதில் இருக்காது. என்னோட கணக்கை அப்படியே தர்றேன். காலையில பெர்ரித் துறையில காத்திருக்கிறது, பெர்ரி ரெண்டும் சேர்த்து 25 நிமிஷம், எட்டுப் பக்கம். சாயந்திரம் திரும்பி வர்றப்ப இன்னொரு எட்டு. மத்தியானம் தாபாவ் பண்ண, அதாவது கடையில பொட்டலம் கட்டி வாங்கின, சோத்தைச் சாப்பிட்டு மிச்சம் 20 நிமிஷம், பத்துப் பக்கம். ராத்திரி 45 நிமிஷம், இருபத்தி நாலு. ஆக ஒரு நாளைக்கு 50 பக்கம், அஞ்சு நாளைக்கு 250. சனிக்கிழமை எப்படியும் யாரு வீட்டுலயாவது விசேஷம் இருக்கும், அதனால 40 போதும். ஞாயித்துக்கிழமை 80. மொத்தம் 370.

இப்ப அதுல கால்வாசியை வெட்டிடுங்க. கேள்வி கேக்காம வெட்டுங்க, ஒரு நாள் தலைவலி வரும், ஒரு நாள் ஓவர்டைம் வரும், ஒரு நாள் சும்மாவே மனசு ஓடாது. எனக்கு மிஞ்சுறது சுமாரா 280 பக்கம். ஏழு நாவல் அடுக்கினவளுக்கு 280 பக்கம்தான் வருதுன்னா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சிக்கோங்க.

படி 3: பக்கத்தையும் நம்பாதீங்க, வரியை எண்ணுங்க

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல, அடிபட்டுத் தெரிஞ்சிக்கிட்டது. ஒரே அளவு தடிமன் உள்ள ரெண்டு புக்கை எடுத்துக்கோங்க. ஒன்னுல எழுத்து பெருசு, பக்கத்துக்கு 24 வரி, வரிக்கு அஞ்சு சொல்லு, அப்ப பக்கத்துக்கு 120 சொல்லு. இன்னொன்னுல எழுத்து பொடிசு, 32 வரி, வரிக்கு ஆறு சொல்லு, பக்கத்துக்கு 192. அதாவது முதல் புக்கோட 200 பக்கமும் ரெண்டாவது புக்கோட 125 பக்கமும் ஒரே நீளம்! பழைய மலிவுப் பதிப்புங்க பல நேரம் இந்தப் பொடி எழுத்துலதான் வரும், மெல்லிசா இருக்கேன்னு தூக்கிட்டு வந்தா வாரம் பூரா போயிடும். கடையில நின்னபடியே ஒரு பக்கத்தை எண்ணிடலாம், ஒரு நிமிஷம் ஆகாது, கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாத்துட்டுப் போகட்டும்.

பொடி எழுத்தை பெர்ரியில படிச்சா கண்ணு வலிக்கும், அது வேற.

படி 4: இப்பதான் பேரு

உங்க கணக்கு என்ன வந்துச்சோ அதுக்குள்ள அடங்குறதைத் தேடுங்க. நான் இங்க ஒரு பெரிய பட்டியல் போடப் போறதில்ல, புதுசா வர்றவங்களுக்கு அது தலைசுத்தும், நானும் எல்லாத்தையும் படிச்சவ இல்ல.

முதல் தடவைன்னா அசோகமித்திரனோட தண்ணீர் எடுங்கன்னு சொல்லுவேன். மெல்லிசு. சென்னையில தண்ணிப் பஞ்சம், ஜமுனா சாயான்னு ரெண்டு அக்கா தங்கச்சி, வாக்கியம் எல்லாம் சின்னச் சின்னதா இருக்கும், பெர்ரியில பாதியில நிறுத்தினாலும் சாயந்திரம் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். நம்ம ஊருலயும் குழாயில தண்ணி வராத நாளைக்கு வாளியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருப்போமே, அதனால எங்கேயோ நடக்குற கதை மாதிரி இருக்காது.

விறுவிறுப்பா வேணும்னா பூமணியோட வெக்கை, 1982ல வந்தது. பதினஞ்சு வயசுப் பையன் சிதம்பரம் ஒரு கொலையைப் பண்ணிட்டு ஓடுறான், அதுக்கப்புறம் எட்டு நாள் நடக்குறதுதான் கதை. ஏழு நாள் சேலஞ்சுக்கு எட்டு நாள் கதை, ஒரு நாள் கடன். அசுரன் படம் பாத்துட்டேன், அது இதுல இருந்து எடுத்ததுதானே, எதுக்குப் படிக்கணும்னு என் தம்பி கேட்டான். படிச்சிட்டுப் பேசுடான்னு கையில குடுத்தேன், கரிசக்காட்டுப் பேச்சுல எழுதினது, முதல் இருபது பக்கம் தடுமாறினான், அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரல.

பினாங்குல இருந்துக்கிட்டு ப. சிங்காரத்தைப் படிக்காம இருக்கலாமான்னு கேப்பாங்க. புயலிலே ஒரு தோணி பெரிய நாவல், பேரும் பெருசு, 1972ல வந்தது, ரெண்டாம் உலகப் போருல ஜப்பான்காரன் ஆண்ட காலம், இந்தோனேசியாவுல இருக்குற மேடானும் இங்க பினாங்கும் வரும். ஆனா புது ஆளுங்க ஒரு வாரத்துக்கு அதை எடுக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், கோவிச்சிக்கிட்டாலும் பரவாயில்ல. நடு நடுவுல பேச்சு நீண்டுக்கிட்டே போகும், பழைய இலக்கியத்தை எல்லாம் இழுத்துக் கிண்டல் பண்ணுவாரு, அதை எல்லாம் நிதானமா ருசிச்சிப் படிக்கணும், கணக்குப் போட்டுக்கிட்டே ஓடினா ஒன்னும் ஒட்டாது. அவரே எழுதின கடலுக்கு அப்பால் அதைவிடச் சின்னது, வட்டிக்கடைப் பையன் செல்லையா, முதலாளி மக மரகதம், இங்கயே பினாங்குலதான் கதை. அதுல தொடங்குங்க. ரெண்டு நாவலையும் ஒரே தொகுப்பா போட்ட பதிப்பும் உண்டு, அதை வாங்கிட்டு தடிமனைப் பாத்துப் பயப்படாதீங்க. இன்னொரு விஷயம், இவரு அங்கங்க மலாய்ச் சொல்லு போடுவாரு, தமிழ்நாட்டு வாசகருக்கு அது புரியாம நிக்கிற இடம், நமக்கு அது பாசார்ல, சந்தையில, தினம் பேசுறது. அந்தச் சந்தோஷத்துக்காகவே படிக்கலாம்.

ரப்பர் தோட்டத்துக் கதைன்னா அகிலன் எழுதின பால்மரக் காட்டினிலே. இதுல எனக்கு ஒரு சிக்கல் வந்துச்சி. எங்கப்பா தோட்டத்துல பொறந்தவரு, லயத்து வீட்டுல, அதாவது தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, வளந்தவரு. செவ்வாக்கிழமை ராத்திரி நான் மேசையில வச்சிட்டுத் தூங்கப் போனேன், காலையில புக்கைக் காணோம். "இரும்மா, பாத்துட்டுத் தர்றேன்"னாரு. வெள்ளிக்கிழமைதான் திரும்பி வந்துச்சி, அதுவும் நடுப்பக்கத்துல ஒரு ஓரம் மடிச்சி, "இந்த இடத்தைப் படி, உங்க தாத்தா இப்படித்தான் இருப்பாரு"ன்னு. நல்ல விஷயந்தான், ஆனா என் சேலஞ் அன்னைக்கே போச்சு. வீட்டுல வேற யாரு கண்ணுலயும் படாத புக்கா எடுங்க, இல்லன்னா ஒளிச்சி வைங்க.

பொன்னியின் செல்வன் கேக்குறவங்களுக்கு: அஞ்சு பாகம், கல்கி பத்திரிகையில 1950ல தொடங்கி சுமாரா மூனரை வருஷம் வாரா வாரம் வந்தது. வாரா வாரம் காத்திருந்து படிச்சதை ஏழு நாள்ல முழுங்கணும்னா எப்படி? முதல் பாகம் மட்டும்னு வச்சிக்கலாம். மதுரைத் திட்டம்ங்கிற இணையத் தமிழ் நூல் தொகுப்புல இலவசமாவே இருக்கு.

படி 5: நாப்பதாவது பக்கத்தைத் திறங்க

முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் பாத்துப் பாத்து எழுதியிருப்பாங்க, அதை வச்சி முடிவு பண்ணாதீங்க. 40 இல்ல 50வது பக்கத்தைத் திறந்து ரெண்டு பக்கம் படிங்க. யாரு இந்த ஆளு, ஏன் இப்படிக் கோவப்படுறான்னு கேள்வி வந்தா நல்லது, எடுங்க. ஒரே வரியை மூனு தடவை படிக்கிறீங்கன்னா அந்த புக்கு மோசம்னு அர்த்தம் இல்ல, இந்த வாரத்துக்கு வேணாம், அவ்வளவுதான். நான் பல தடவை "எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்களே"ன்னு வம்பா புடிச்சி உக்காந்திருக்கேன், புதன்கிழமை வந்தா புக்கைத் தொடவே மனசு வராது, போனைத்தான் நோண்டிக்கிட்டு இருப்பேன்.

படி 6: ரெண்டு புக்கு எடுத்தா ரெண்டும் ஒரே பாரமா இருக்கக் கூடாது

ரெண்டாவது வருஷம் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டு சயாம் ரயில் பத்தின நாவலா ரெண்டு எடுத்தேன், ஆர். சண்முகத்தோட சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமியோட நினைவுச் சின்னம். ஜப்பான்காரன் 1942, 43ல தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டான், நம்ம தோட்டத்து ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போனான், போனவங்கள்ல நிறைய பேரு திரும்பி வரல. ரெண்டும் கட்டாயம் படிக்க வேண்டியதுதான், நம்மாளுங்க எழுதினது, நம்ம கதை. ஆனா ஒன்னு முடிச்ச கையோட இன்னொன்னைத் திறந்தேன், வியாழக்கிழமை மத்தியானம் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சி வச்சிட்டு சாப்பிட முடியாம உக்காந்திருந்தேன், ஆபிஸ் அக்கா "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தாங்க. இப்ப கனமானதா ஒன்னு, அதுக்குத் துணையா லேசானதா ஒன்னு. எது முதல்லன்னா, மெல்லிசானது முதல்ல. செவ்வா, புதனுக்குள்ள ஒன்னு முடிஞ்சிட்டா வர்ற தெம்பு இருக்கே, அது மிச்ச நாளை இழுத்துக்கிட்டுப் போயிடும். பெருசை முதல்ல முடிக்கணும்னு சொல்றவங்களும் உண்டு, எனக்கு ஒத்து வரல.

மூனாவதா ஒரு மெல்லிசு கையிருப்பா இருக்கட்டும். எடுத்த ஒன்னு ஓடலைன்னா மாத்திக்கலாம். விதி ஒன்னே ஒன்னு: 50 பக்கம் தாண்டிட்டா மாத்தக் கூடாது.

படி 7: புக்கு கைக்கு வந்த பிறகுதான் தேதி

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிட்டு வந்துடும்னு நம்பி தொடங்காதீங்க. எனக்குச் சென்னையில இருந்து ஒரு பார்சல் சனிக்கிழமை வந்துச்சி, சேலஞ் தொடங்கி ஆறாவது நாளு. தபால் காசே புக்கு விலைக்குப் பக்கமா ஆச்சு, அந்தக் காசை நெனச்சா இன்னும் எரியுது. பினாங்குல செளராஸ்தா மார்க்கெட் மாடியில பழைய புக்குக் கடைங்க இருக்கு, அங்க இங்கிலீஷும் மலாயும்தான் குவிஞ்சிருக்கும், எனக்குத் தமிழ் நாவல் கிடைச்சது அபூர்வம், ஆனா சுத்திப் பாக்க நல்ல இடம். செபராங் ஜெயாவுல இருக்குற மாநில நூலகத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்க, எத்தனை நாளைக்குக் கடன் தருவாங்கன்னு கவுண்டர்லயே கேட்டுக்கோங்க. எதுவும் தோது படலைன்னா கேக்கக் கூச்சப்படாம சொந்தக்காரங்க அலமாரியைத் துழாவுங்க, எங்க பெரியம்மா வீட்டுல சாமி ரூம்புக்குப் பக்கத்துல ஒரு பெட்டி நிறைய நாவல் தூங்கிக்கிட்டு இருந்துச்சி, பாச்சா உருண்டை வாசத்தோட.

ஞாயித்துக்கிழமை ராத்திரி

முதல் புக்கைப் பையில வைங்க, ரெண்டாவதை வீட்டுலயே விடுங்க, ரெண்டையும் தூக்கிட்டு அலைஞ்சா தோளுதான் வலிக்கும். நான் ஒரு பென்சிலால உள்ளட்டையில ஏழு கோடு போட்டு ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல அன்னைக்கு எந்தப் பக்கம் வரைக்கும்னு எழுதிடுவேன், இரவல் புக்குன்னா துண்டுப் பேப்பர்ல. பெர்ரியில சாரல் அடிக்கும், தாபாவ் பண்ண பிளாஸ்டிக் பை ஒன்னு கழுவிக் காய வச்சி புக்கை அதுல போட்டுக்கோங்க. நல்லா கழுவுங்க, போன வருஷம் என் தண்ணீர் புக்குல பதினாலாம் பக்கம் பூரா மீன் கறி.